தாளம் தட்டி கணக்கு சொல்லித்தர்ற கிளாஸ், சேலம் அஸ்தம்பட்டி பக்கம்: எட்டு மாசம் பொண்ண அனுப்புனதுல நான் பாத்தது

பேரு போடலீங்க, மொதல்லயே சொல்லிடறேன். சார்கிட்ட "உங்க கிளாஸப் பத்தி எழுதட்டுங்களா"ன்னு கேட்டேன், "எழுதுங்கம்மா, பேரு மட்டும் வேண்டாம், இருக்குற இருவத்திரெண்டு பசங்களுக்கே மாடில எடம் பத்தல"ன்னுட்டாரு. ஏற்காடு ரோட்டுல அஸ்தம்பட்டி தாண்டி ஒரு சந்துக்குள்ள மொட்டைமாடில தகர ஷெட்டு போட்ட எடம், அந்தப் பக்கத்துல ரெண்டு தெரு தாண்டி யாரக் கேட்டாலும் "மிருதங்க சார் வீடா"ன்னு கை காட்டுவாங்க. சார் கவர்மென்ட் ஸ்கூல்ல கணக்கு வாத்தியாரா இருந்து ரிட்டயர்டு ஆனவரு, சின்ன வயசுலேர்ந்து மிருதங்கம் வாசிக்கறவரு, ரெண்டையும் சேத்து சனி ஞாயிறு காலைல கிளாஸ் எடுக்குறாரு. பாட்டு கிளாஸ் இல்ல, டியூஷனும் இல்ல. எதுக்கு அனுப்பறீங்கன்னு எங்க அம்மா இன்னைக்கு வரைக்கும் கேட்டுட்டுதான் இருக்காங்க.

எதுக்குன்னா, என் பொண்ணு நாலாவது. கூட்டல் கழித்தல்லாம் நல்லாவே போடுவா, ஏன்னா அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் ஒரு மணிச்சட்ட (அபாகஸ்) கிளாஸ்ல கொண்டுபோய் சேத்திருந்தோம் (எந்த கிளாஸ்னு கேக்காதீங்க), விரல காத்துல ஆட்டி ஆட்டி மூணு இலக்கம் கூட்டிருவா, வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் வாயப் பொளப்பாங்க. ஆனா பின்னம்னு வந்தப்ப 1/4 பெருசா 1/2 பெருசான்னு கேட்டா 1/4னு சொல்றா, ஏம்மா அப்படின்னா "4 தான பெருசு"ங்கறா. தோசைய வெட்டிக் காட்டினேன், மாம்பழத்த வெட்டிக் காட்டினேன், மல்கோவா சீசன் வேற, அத வெட்டி நாலாக்குறதுக்குள்ள அவ ஒரு துண்ட எடுத்து வாயில போட்டுட்டு "இப்ப மூணு தான்"னுட்டா. எங்க வெள்ளிப் பட்டறைக்கு கொலுசு எடுக்க வர்ற ஒரு டான்ஸ் டீச்சரம்மாதான் இந்த சாரப் பத்தி சொன்னாங்க.

மொத நாளு நானும் ஷெட்டுக்கு வெளிய உக்காந்து பாத்தேன். சார் ஆதி தாளம் போடச் சொல்லிக்குடுத்தாரு, ஒரு தட்டு, அப்பறம் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். இதுக்குப் பேரு லகு, எத்தனன்னு கேட்டாரு. அத்தன பசங்களும் "மூணு"ங்குதுக, விரல் மூணு தான எண்ணினாங்க. சார் ஒண்ணும் சொல்லல, மறுபடி போடச் சொன்னாரு, மறுபடி "மூணு". மூணாவது தடவ ஒரு குட்டிப் பையன் "சார் தட்டுனத யாருமே எண்ணல"ன்னான். அவ்ளோதான், அன்னைக்குப் பாடம் முடிஞ்சது மாதிரி சார் மூஞ்சில ஒரு சந்தோஷம். லகு 4, அப்பறம் தட்டு வீச்சு (ஒரு தட்டு, ஒரு கை திருப்பு) ஒரு திருதம் 2, இன்னொரு திருதம் 2, மொத்தம் 8. அன்னைக்கு ஒரு மணி நேரமும் இந்த 4+2+2 தான், எனக்கு உள்ளுக்குள்ள "இதுக்கா மாசம் ஆயிரத்தி எரநூறு"ன்னு ஓடுச்சு.

ரெண்டாவது மாசம்தான் நான் வாயத் தொறந்து பாத்தேன். கைதட்டு ஒரே வேகத்துல போயிட்டிருக்கு, அந்த ஒரு தட்டுக்குள்ள பாதி பசங்க "தகிட" சொல்லணும், பாதி பசங்க "தகதிமி" சொல்லணும். மூணெழுத்து ஒரு பக்கம், நாலெழுத்து ஒரு பக்கம், தட்டு மட்டும் ஒண்ணு. சார் கேட்டது ஒரே கேள்வி, "யாரு வேகமாச் சொல்லணும்?" நாலு சொல்றவங்கதான், மூச்சு வாங்குது அதுகளுக்கு. "அப்ப யாரோட எழுத்து ஒவ்வொண்ணும் குட்டி?" அதும் நாலு சொல்றவங்களோடதுதான். "அப்ப 1/3 பெருசா 1/4 பெருசா?" என் பொண்ணு கைய தூக்குன வேகத்துல பக்கத்துப் பொண்ணு மூக்குல இடிச்சிருச்சு. நான் ஒன்ற வருஷமா தோசையும் மாம்பழமுமா வெட்டினது நாக்குல ரெண்டு நிமிஷத்துல ஏறிருச்சு. எனக்குத் தோணுறது என்னன்னா, தோசைய வெட்டினா துண்டு கண்ணு முன்னாடி பெருசாத்தான் தெரியும், எண்ணிக்கையும் கூடுது, கொழந்த எண்ணிக்கையப் பாக்குது. இங்க நேரம் இவ்ளோதான், அதுக்குள்ள அத்தனையும் சொல்லியாகணும்னு வாயே நெருக்கடிய சொல்லிருது.

அதுக்கு அடுத்த வாரம் 1/3 + 1/4. ஸ்கூல்ல இத 2/7னு எழுதிட்டு வந்த பசங்கதான் பாதிப்பேரு, மேலயும் கூட்டி கீழயும் கூட்டி. சார் தரைல புளியங்கொட்டைய வரிசையா 12 வெச்சாரு. ஒரு தட்டு இந்த 12 கொட்ட நீளம். தகிடல ஒரு எழுத்து எத்தன கொட்ட? 4. தகதிமில ஒரு எழுத்து எத்தன கொட்ட? 3. ரெண்டையும் சேத்தா 7 கொட்ட, மொத்தம் 12ல 7. ஏன் 12 வெச்சீங்க சார், 10 வெக்கலாமேன்னு ஒரு பொண்ணு கேட்டா, "வெச்சுப் பாரு கண்ணு"ன்னு பத்து கொட்டையக் கையில குடுத்துட்டு சார் டீ குடிக்கப் போயிட்டாரு. திரும்பி வர்றதுக்குள்ள அந்தப் பொண்ணு பத்த மூணு சமமாப் பிரிக்க முடியாம ஒரு கொட்டைய பல்லால கடிச்சு ஒடைக்கப் பாத்துட்டிருந்தா. நல்ல வாத்தியார்னா இப்படி எப்ப எந்திரிச்சுப் போகணும்னும் தெரிஞ்சிருக்கணும் போல.

மீ.சி.ம (ரெண்டு எண்ணுக்கும் பொதுவா வர்ற மொத மடங்கு, LCMம்பாங்க) பாடம் எனக்கே புடிச்சிருந்துச்சு. ஜன்னல் பக்கம் நிக்கற கும்பல் ஆதி தாளம், 8. சுவத்துப் பக்கம் ரூபகம், அது தட்டு வீச்சு 2, லகு 4, மொத்தம் 6. ரெண்டு கும்பலும் ஒண்ணா ஆரம்பிக்கணும், அவங்கவங்க தாளம் மறுபடி மொத எடத்துக்கு வர்றப்ப (அதுக்கு சமம்னு பேரு) கால ஒரு மிதி மிதிக்கணும். ரெண்டு கும்பலும் ஒண்ணா மிதிக்கறது எப்பன்னு மொதல்லயே சொல்லச் சொன்னாரு. எட்டாறு நாப்பத்தெட்டு, எல்லாப் பயலும் 48. போட ஆரம்பிச்சாங்க, ஜன்னல் பக்கம் மூணு சுத்து, சுவத்துப் பக்கம் நாலு சுத்து, 24லயே தகர ஷெட்டு அதிர ரெண்டு காலும் ஒண்ணா விழுந்துச்சு. பசங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்குதுக, தப்பாப் போட்டோமோன்னு. "என்னப்பா, பஸ்ஸு முன்னாடியே வந்துருச்சா?"ன்னாரு சார். மறுபடி போட்டாலும் 24தான். அப்பறம் ரூபகத்த எடுத்துட்டு மிஸ்ர சாப்பு, 7. இப்ப 56 வரைக்கும் சேரவே மாட்டேங்குது, பாதில பாதிப்பேரு விட்டுட்டாங்க. ஏன் 6ன்னா சீக்கிரம் வருது 7ன்னா வரமாட்டேங்குதுன்னு பசங்களே கேட்டதுக்கு அப்பறம்தான் 8லயும் 6லயும் ஒளிஞ்சிருக்குற 2 பத்தி வாயத் தொறந்தாரு. மீ.சி.மங்கற வார்த்தைய மூணு வாரம் கழிச்சுதான் போர்டுல எழுதினாரு. 8 நிமிஷத்துக்கு ஒரு டவுன் பஸ்ஸு, 6 நிமிஷத்துக்கு ஒரு டவுன் பஸ்ஸு, பழைய பஸ் ஸ்டாண்டுலேர்ந்து ஒண்ணாக் கெளம்புச்சுன்னா மறுபடி எப்ப ஒண்ணாக் கெளம்பும்ங்கற கணக்க என் பொண்ணு பேப்பர் எடுக்காம கால மிதிச்சே போட்டா.

இதுல எங்க வீட்டுல நடந்த ஒண்ணச் சொல்லணும். ஆதி தாளத்துல பின்பாதி நாலு தட்டு, ஒரு தட்டுக்கு நாலுன்னு மொத்தம் 16. அதுக்குள்ள "ததிங்கிணதொம்"ங்கற சொல்ல மூணு தடவ சொல்லி சரியா அடுத்த சமத்துல கொண்டுபோய் விழ வெக்கணும், இதுதான் ஹோம்வொர்க். த, திங், கி, ண, தொம், அஞ்சு. மூவஞ்சு பதினஞ்சு. ஒண்ணு மிச்சம். அந்த ஒண்ண எங்க வெக்கறது? என் பொண்ணு அரிசி டிரம்ம தட்டித் தட்டிப் பாக்கறா, எடுத்தவொடனே ஆரம்பிச்சா ஒண்ணு முன்னாடியே முடிஞ்சுபோயி தொங்குது. கடைசியா, மொதல்ல அந்த ஒண்ண சும்மா விட்டுட்டு அப்பறம் ஆரம்பிச்சாதான் தொம்முக்கு அடுத்து டாண்ணு சமம் விழுதுன்னு கண்டுபுடிச்சா. ஊஞ்சல்ல உக்காந்திருந்த எங்க மாமனாரு, எண்பது வயசு, கண்ணத் தொறக்காமயே "பதினாறுல ஒண்ணு விட்டியா, அது மாகாணி பாப்பா"ன்னாரு. அவ "என்ன தாத்தா அது"ன்னு கேக்க, கால், அரைக்கால், மாகாணி, 1/4, 1/8, 1/16ன்னு ஆரம்பிச்சு முந்திரி 1/320 வரைக்கும் போயிட்டாரு, வெள்ளி நிறுக்கற எடத்துலயே வாழ்ந்த மனுசன், அவருக்கு அதெல்லாம் வாயில நிக்கிது. அடுத்த வாரம் அவ போயி சார்கிட்ட "சார் ஒரு மாகாணி விட்டு எடுக்கணும்"னு சொல்லிருக்கா. சாருக்கு ஒரே சிரிப்பாம், கச்சேரில பாட்டு ஆரம்பிக்கற எடத்த நாங்களும் அரை எடம், முக்கா எடம், ஒன்ற எடம்னுதான் சொல்லுவோம், உங்க தாத்தாவ ஒருநா கூட்டியான்னாராம். போயிட்டும் வந்தாரு, மாடிப்படி ஏற முடியாம கீழயே சேர் போட்டு உக்காந்து.

35 தாளக் கட்டம்னு ஒரு சார்ட்டு இருக்கு, ஏழு தாளம் ஒரு பக்கம், லகு 3, 4, 5, 7, 9னு அஞ்சு ஜாதி ஒரு பக்கம், ஏழஞ்சு முப்பத்தஞ்சு கட்டத்தையும் கூட்டி நிரப்பிட்டு வரணும். கூட்டல் பழக்கத்துக்கு நல்ல வேல, ஆனா பசங்களுக்கு போர், என் பொண்ணு அழுதுட்டே போட்டா. ஒரே ஒரு நல்லது, சதுஸ்ர ஜாதி துருவம் 4+2+4+4, கண்ட ஜாதி அட 5+5+2+2, ரெண்டும் 14 வருதுன்னு அவளே கண்டுபுடிச்சு அத வட்டம் போட்டு நட்சத்திரம் வெச்சுட்டா.

மாத்திரை விளையாட்டும் உண்டு. தமிழ் இலக்கணத்துல படிச்சதுதான், குறில் 1, நெடில் 2, மெய் அரை. சேலம், சே 2, ல 1, ம் 1/2, மொத்தம் மூன்ற. அவங்கவங்க ஊரு பேருக்கெல்லாம் போட்டாங்க. ஏற்காடுக்கு வந்தப்பதான் சண்ட. ஏ 2, ற் 1/2, கா 2, டு 1, அஞ்சரைன்னு எல்லாரும். அஞ்சுதான்னாரு சார். எட்டாவது படிக்கற ஒரு பையன்தான் காப்பாத்துனான், கடைசில வர்ற டு குற்றியலுகரம், அதுக்கு அரை மாத்திரைதான்னு. பசங்க விடல, "ஏற்காடு"ன்னு இழுத்து இழுத்துச் சொல்லிப் பாத்து டுவ உதட்டுலயே நிறுத்துதுக. தமிழ் டீச்சர் மூணு பீரியட் நடத்துற சமாச்சாரம். கீழ நின்ன எனக்கே அன்னைக்குத்தான் வெளங்குச்சு.

பெரிய பசங்களுக்கு (அஞ்சாவது ஆறாவது) ஒரு பலகை வெச்சிருக்காரு, ஒரே ஒரு கம்பி, 60 செ.மீ, அடியில ஸ்கேல் ஒட்டி, நகர்ற குதிரை (கம்பிக்கு அடில வெக்கற சின்னக் கட்டை) ஒண்ணு. கம்பிய முழுசா மீட்டுனா ச. குதிரைய 30ல வெச்சா மேல் ச. 40ல வெச்சா ப. 45ல வெச்சா ம. பாதி, மூணுல ரெண்டு, நாலுல மூணு. காது ஒத்துக்கிட்டதுக்கு அப்பறம்தான் ஸ்கேலப் பாக்க விடுவாரு, அது எனக்குப் புடிச்சிருந்துச்சு, கண்ணக் கட்டிட்டு குதிரைய நகத்தி ப எங்கன்னு தேடணும், ஒரு பொண்ணு 39.8ல நிறுத்துச்சு. அப்பறம் அதிர்வு கணக்கு, ச 240னு வெச்சுக்கிட்டா ப 360, மேல் ச 480. நீளம் 2/3 ஆனா அதிர்வு 3/2, நீளம் 1/2 ஆனா அதிர்வு 2. தலைகீழின்னு ஸ்கூல் புஸ்தகத்துல இருக்கறத பாத்துக்கங்க, எனக்கெல்லாம் அது மேல கீழ மாத்தி எழுதுறதுன்னு மட்டும்தான் தெரியும், எதுக்குன்னு இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு ஒரு கம்பி சொல்லுது.

லீவுல ஒருநா 72 மேளகர்த்தா (ஏழு ஸ்வரமும் வர்ற தாய் ராகங்க) எடுத்தாரு. வேங்கடமகி 17ஆம் நூற்றாண்டுல சதுர்தண்டி பிரகாசிகைல வகுத்தது. இத நாலாம் கிளாசுக்கு எப்படின்னு பாத்தா, தட்டுவட செட்டு! நம்ம ஊருக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, மத்தவங்களுக்கு: ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல காய் வெச்சுத் தர்றது. நடுவுல வெக்கறதுக்கு நாலு ஐட்டம் இருக்கு, பீட்ரூட்டு, கேரட்டு, வெங்காயம், மாங்கா, அதுல ரெண்டுதான் வெக்கலாம்னா எத்தன விதமா செட்டு போடலாம்? எழுதிப் பாத்தா 6. ச-வுக்கும் ம-வுக்கும் நடுவுல நாலு எடம், அதுல ரி ஒண்ணு க ஒண்ணு, அதே 6. ப-வுக்கு மேல த, நி, அங்கயும் 6. ம ரெண்டு விதம். ஆறாறு 36, ரெண்டால பெருக்கினா 72. சங்கராபரணம் 29, அதுல ம-வ மட்டும் மாத்துனா கல்யாணி, 29+36 சேத்து 65, சரியா அந்த நம்பர். பசங்களுக்கு ராகம்லாம் ஒண்ணும் தெரியாது, ஆனா அன்னைக்கு சாயங்காலம் தட்டுவட கடைல நின்னு என் பொண்ணு "அண்ணா நீங்க ஆறு விதம் போடலாம்"னு சொல்ல, அவரு "நான் அறுவது விதம் போடுவேன் பாப்பா"ன்னாரு.

சரி, இப்ப கொறைங்க. அதுவும் நெறைய இருக்கு.

மொத கொற அந்த நோட்டீசு. சாரோட பையன் அடிச்சதாம். "கணக்கில் 100க்கு 100", "இசை கேட்டால் மூளை வளரும்"னு மொசார்ட்ங்கற மேல்நாட்டு இசைக்காரர் படம் வேற போட்டிருக்கு. அந்த மொசார்ட் கதை 1993ல வந்த ஒரு சின்ன ஆராய்ச்சி, அதுல ஒக்காந்தது கொழந்தைங்களே இல்ல, காலேஜ் பசங்க, பத்து நிமிஷம் பாட்டு கேட்டாங்க, அதுக்கப்பறம் காகித மடிப்பு மாதிரியான ஒருவகப் புதிர்ல மட்டும் கொஞ்சம் நல்லாப் போட்டாங்க, அதும் கால் மணி நேரத்துக்கு மேல நிக்கல. அத வெச்சு உலகம் பூரா சிடி வித்தாங்க. இந்த கிளாசுக்குத் துணைக்குச் சொல்லணும்னா 2012ல வெளிவந்த ஒரு கலிஃபோர்னியா ஆராய்ச்சிய சொல்லலாம், மூணாவது படிக்கற 67 பசங்க, ஆறு வாரம், பாதிப்பேருக்கு வாரத்துக்கு ரெண்டு கிளாஸ் தாளத்தத் தட்டி நோட்டு எழுதி பின்னம் சொல்லிக்குடுத்தாங்க, பின்னம் பரிச்சைல அவங்க மத்தவங்கள விட நல்லாவே வாங்குனாங்க. பின்னத்துல. கணக்கு மொத்தத்துக்கும்னு யாரும் சொல்லல. சார்கிட்டயே நான் சொன்னேன், "ஆமாம்மா, பையன்கிட்ட சொன்னேன் கேக்கல"ன்னு தலையச் சொறிஞ்சாரு.

ஏன்னா இங்க வராத கணக்கு நெறைய. நீள வகுத்தல் வராது, கழித்தல்ல கடன் வாங்குறது வராது, வடிவியல் சுத்தமா இல்ல. என் பொண்ணு அரையாண்டுல பின்னம் பூராவும் சரி, அதே பேப்பர்ல வகுத்தல் ரெண்டும் தப்பு. கை தாளம் போடுது, வாய் சொல்லுது, ஆனா அத பேப்பர்ல கோடு போட்டு எழுதுறதுக்கு இங்க பழக்கம் கம்மி, அத நான்தான் வீட்டுல ஒக்காந்து எழுத வெக்கறேன். டியூஷன நிறுத்திட்டு இங்க சேக்கலாம்னு நெனச்சீங்கன்னா வேண்டாங்க.

ரெண்டாவது, சனிக்கெழம பின்பாதில கீபோர்டு எடுக்க ஒரு தம்பி வர்றாரு. நல்ல பையன்தான், ஆனா ஒருநா பெரிய கொழப்பம் பண்ணிட்டாரு. போர்டுல மேல்நாட்டு தாளக் குறி, த்ரீ ஃபோர் டைம், சிக்ஸ் எய்ட் டைம்னு மேல 3 கீழ 4, மேல 6 கீழ 8னு எழுதியிருக்காரு. என் பொண்ணு ஸ்கூல்ல புதுசா சுருக்கக் கத்துட்டு வந்திருக்கா, 6/8ஐ ரெண்டால அடிச்சா 3/4, ரெண்டும் ஒண்ணுதானன்னு கேட்டிருக்கா. "இல்ல பாப்பா, வேற வேற"ன்னு மட்டும் சொல்லிட்டு அவரு போயிட்டாரு. வீட்டுக்கு வந்து ராத்திரி பூரா "அப்ப சுருக்குறது தப்பா"ன்னு ஒரே பாட்டு, கஷ்டப்பட்டு ஏத்துன பின்னம் எறங்கிருமோன்னு எனக்கு பயமாப் போச்சு. ஞாயித்துக்கெழம சார் சரி பண்ணுனாரு. மொதல்ல, இது பின்னமே இல்ல கண்ணு, நல்லாப் பாரு, ரெண்டுக்கும் நடுவுல பின்னத்துக்குப் போடுற கோடே கெடையாது, மேல இருக்கறது எத்தன, கீழ இருக்கறது எந்த சைஸு. அப்பறம் "தக தக தக" சொல்லச் சொன்னாரு, "தகிட தகிட" சொல்லச் சொன்னாரு. ரெண்டுலயும் எழுத்து ஆறுதான், நேரமும் ஒண்ணுதான். ஆனா ஒண்ணு மூணு தடவ சாயுது, இன்னொண்ணு ரெண்டு தடவ சாயுது. 3×2, 2×3, விடை ஒண்ணு, நடை வேற. எனக்கு கேக்கறப்ப சிலிர்த்துருச்சுன்னா நம்புவீங்களா. ஆனா இந்த மாதிரி கணக்கும் சங்கீதமும் பிரிஞ்சு போற எடத்துல புடிச்சு நிறுத்த சார் மாதிரி ரெண்டும் தெரிஞ்ச ஆளு வேணும். அதே கொழப்பம் இன்னொரு எடத்துலயும் வரும், ச-லேர்ந்து ப அஞ்சாவது, ப-லேர்ந்து மேல் ச நாலாவது, அஞ்சும் நாலும் ஒம்பதுன்னு பசங்க சொல்லும், ஆனா ஸ்வரம் எட்டுதான், ப-வ ரெண்டு தடவ எண்ணிட்டோம். ஞாயித்துக்கெழமைலேர்ந்து அடுத்த ஞாயிறு எட்டாம் நாளுன்னு நாம எண்ணுவோம்ல, அந்தக் கத. இதே கிளாஸ வெறும் பாட்டு டீச்சரோ வெறும் கணக்கு டீச்சரோ எடுத்தா நான் அனுப்ப மாட்டேன்.

மூணாவது, ரொம்பச் சின்னக் கொழந்தைங்களுக்கு ஆகாது. என் பையன் யூகேஜி, அக்காகூட போறேன்னு அழுததால ஒரு மாசம் அனுப்பினேன். புளியங்கொட்டைல ஒண்ண மூக்குல போட்டுக்கிட்டான், அவ்ளோதான் கத்துக்கிட்டது. ஏழு வயசுக்கு மேலன்னா ஓகே.

மத்தபடி சில்லறக் கொறைங்க. மாடிப்படி ரொம்ப செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். ஏப்ரல் மே தகர ஷெட்டுல உக்கார முடியாது, காலைல பத்து மணிக்கே அடுப்பு. சந்துக்குள்ள கார் போகாது. ஆடி மாசம் கோட்ட மாரியம்மன் பண்டிகைக்கு ரெண்டு வாரம் லீவு விட்டுட்டு பீஸ் மட்டும் முழுசா வாங்கினாங்க, கேட்டா அடுத்த மாசம் சேத்து எடுத்துடறோம்னாங்க, எடுக்கல. இதுல சார குத்தம் சொல்ல மாட்டேன், பீஸ் விஷயம் பூரா அவரு பையன் கையில.

இவ்ளோ கொற சொல்லிட்டு ஏன் இன்னும் அனுப்பறேன்னா, பொங்கல் லீவுல ஏற்காடு போனோம். பஸ்ஸுல ஜன்னலோரம் உக்காந்துட்டு கொண்டை ஊசி வளைவ எண்ணிட்டே வந்தா, மொத்தம் 20. என் பையனுக்கு எட்டாவது வளைவுலயே கவர் தேவப்பட்டுச்சு, அத விடுங்க. இவ ஒவ்வொரு வளைவுக்கும் தொடைல ஒரு தட்டு, ஆதி தாளம் போட்டுட்டு வந்தவ 16ல ரெண்டு சுத்து முடிச்சுட்டு மேல ஏறுனப்ப பாதில நின்னுருச்சு. "அம்மா, ரெண்டரதான் வருது, ஏற்காடு ஆதி தாளத்துல இல்ல"ன்னா. அப்பறம் கொஞ்ச நேரம் விரல மடக்கி மடக்கிப் பாத்துட்டு, எறங்குறப்ப கண்ட சாப்பு போட்டா, அஞ்சு அஞ்சா நாலு சுத்து, கடைசி வளைவு தாண்டி அடிவாரத்துல சரியா சமம். கண்டக்டரு திரும்பிப் பாக்குற அளவுக்கு ஒரு மிதி. மணிச்சட்ட ரெண்டு வருஷம் போனப்ப இவ ஒருநாளும் தானா எதையும் எண்ணுனதில்ல, கேட்டா போடுவா, அவ்ளோதான்.

சேக்கறவங்களுக்கு ரெண்டு விஷயம். சேரும்போது சாரோட பையன் 450 ரூபாய்க்கு கலர் புஸ்தகம் ஒண்ணு தருவாப்ல, வாங்காதீங்க, அதுல ஒண்ணும் இல்ல, 35 தாளக் கட்டம்கூட தப்பா அச்சாகியிருக்கு, சங்கீர்ண ஜாதி துருவத்துக்கு 27னு போட்டிருக்கு, 9+2+9+9, 29. ஒரு 200 பக்கம் கோடு போட்ட நோட்டு போதும். ஜூன் மாசம் சேந்தா மொதல்லேர்ந்து வரும், நடுவுல சேந்தா பசங்க லகுவுல மூணுன்னு சொல்லிட்டு நிக்கும். ஞாயித்துக்கெழம பேட்ச் கேளுங்க, அதுலதான் சார் முழுசா இருப்பாரு. அப்பறம் புளியங்கொட்ட கொஞ்சம் எடுத்துட்டுப் போங்க, அங்க எப்பவும் பத்தாது.